ஒன்றுமே முளைக்காத தட்டு

தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை.

இன்குபேட்டரின் கதவைத் திறந்ததும், வழக்கம்போல வெதுவெதுப்பான, புளித்த, ஈரத்துணி மூட்டையை அவிழ்த்தாற்போன்ற வாடை முகத்தில் அடித்தது. அவளுக்கு அதில் அருவருப்பு கிடையாது. இத்தனை வருஷமாக அந்த வாடையில்தான் பிழைப்பு. கடல் தண்ணீரை மெல்லிய தாளில் வடித்து, தாளைச் சத்துக்கூழ் பூசிய சின்னத் தட்டில் வைத்து, ஒரு ராத்திரி இந்தச் சூட்டுப் பெட்டிக்குள் விட்டால், தண்ணீரில் இருந்த ஒவ்வொரு கிருமியும் பிள்ளை குட்டி பெற்று ஒரு புள்ளியாக வந்து நிற்கும். புள்ளிகளை எண்ணினால் அந்த இடத்துக் கடலின் யோக்கியதை தெரிந்துபோகும். துறைமுகத் தட்டில் எண்ணி மாளாத கூட்டம். சாக்கடைக் கால்வாய் கடலில் விழும் இடத்துத் தட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். வளைவிலிருந்து எடுத்த தண்ணீரின் தட்டில் மட்டும் ஈ காக்கா இல்லை.

வளைவு என்பது அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குப் பின்னால், பாறைகளுக்கு நடுவே அரைவட்டமாகக் கடல் உள்ளே புகுந்து நிற்கும் இடம். போன வருஷம் சாக்கடைக் குழாய் உடைந்ததிலிருந்து அங்கே 'குளிக்கக் கூடாது' என்று பலகை நட்டிருந்தார்கள். நடச் சொன்னது அவளுடைய லேப்தான். அதற்காக வீட்டில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பாவிடம் நீச்சல் பழகிக்கொண்டிருந்த மகள் (பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் வாண்டு) முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, எங்கம்மா கடலையே பூட்டிட்டாங்க என்று மாடி மாடியாகப் போய்ச் சொல்லி மானத்தை வாங்கினாள்.

ஆகவே அந்த வெறும் தட்டைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது. பின்னால்தான் நெற்றி சுருங்கியது.

படகில் சாம்பிள் எடுக்கப் போகும்போது, லேபிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு குப்பியில் அடைத்துக் கூடவே எடுத்துப் போவார்கள். அதை நடுக்கடலில் திறந்து மூடித் திரும்பக் கொண்டுவந்து, மற்றவற்றோடு சேர்த்துச் சோதிப்பார்கள். கை அழுக்கோ படகுத் தூசியோ சேர்ந்திருந்தால் அந்த வெற்றுக் குப்பி காட்டிக் கொடுத்துவிடும். அன்று வெற்றுக் குப்பியின் தட்டில் இரண்டு புள்ளி இருந்தது. வளைவின் தட்டில் அதுகூட இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீரைவிடக் கடல் சுத்தமாக இருக்க முடியுமா? குப்பிகள் மாறிப்போயிருக்கும் என்று முடிவு கட்டினாள். மாறியிருந்தாலும் நஷ்டம் என்ன, அப்படியானால் வளைவுக்கு இரண்டு புள்ளி, அதுவும் அருமையான கணக்குதான்.

விதிப்படி இரண்டையும் கொட்டிவிட்டு மறுபடி படகேறியிருக்க வேண்டும். வாண்டுவின் தூக்கி வைத்த முகம் கண் முன்னால் வந்தது. அந்த இரண்டு புள்ளியை வளைவின் பேரில் எழுதினாள்.

குப்பியில் மிச்சமிருந்த தண்ணீரை முகர்ந்து பார்த்தாள். லேபில் அவளுக்கு மோப்பம் என்று பட்டப்பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் இது துறைமுகம், இது கால்வாய் என்று மூக்காலேயே பிரித்துவிடுவாள். அந்தத் தண்ணீரில் எந்த வாசனையும் இல்லை. உப்பு வாசனைகூட இல்லை. அதுவும் குப்பி மாறியதற்கு அத்தாட்சி என்றே அப்போது எடுத்துக்கொண்டாள்.

பலகையைப் பிடுங்கினார்கள். வளைவு மறுபடி களை கட்டியது. வீட்டுக்காரர் ஏ.சி. மெக்கானிக், மத்தியானம் வேலை முடிந்து வந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மகளை அழைத்துப் போய்விடுவார். அவள் போகவில்லை. நாள் முழுக்கக் கடல் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருக்கிறவளுக்குச் சாயங்காலமும் அதே தண்ணீரா என்று வீட்டோடு இருந்துகொண்டாள். முதல் வாரத்திலேயே வாண்டுவின் முழங்கை மடிப்பில் பிறந்ததிலிருந்து படுத்திய சொறி, எத்தனையோ களிம்புக்கு மசியாதது, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அவருடைய முன்கையில் கேஸ் அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு ஒன்று இருந்தது. அதுவும் போயிற்று. கடல் தண்ணீர் கைகண்ட மருந்து என்று அவர் குடியிருப்பு முழுக்கச் சொல்லி, வராதவர்களையும் வரவழைத்தார்.

ஈரத்துண்டுகள்தான் முதலில் அவளை உறுத்தின. குளியலறை மூலையில் சுருட்டிப் போட்ட துண்டுகள் இரண்டு நாள் கிடந்தும் நாறவில்லை. மழைக்காலத்தில், காற்றே புகாத மூலையில், கசக்கிப் போட்ட துண்டு. எடுத்து முகத்தில் வைத்து இழுத்தாள். துணியின் வாசனை இல்லை, சோப்பின் வாசனை இல்லை, யாரும் அதில் தலை துவட்டியதற்கான அடையாளம் இல்லை. சோப்பு மிச்சம் என்று அவர் சிரித்தார்.

அன்றைக்கு வாண்டு தூங்கிய பிறகு பக்கத்தில் படுத்து, வழக்கம்போல உச்சந்தலையில் முகத்தைப் புதைத்தாள். அந்தத் தலைக்கு ஒரு வாசம் உண்டு. வெயில், வேர்வை, பள்ளிக்கூடத்துப் பென்சில் தூள், அதற்கெல்லாம் அடியில் பிறந்த அன்று மடியில் வாங்கும்போது வந்த ஏதோ ஒன்று. என்னவென்று சொல்லத் தெரியாது, ஆயிரம் பிள்ளைகள் நடுவே விட்டாலும் அதை வைத்து மகளைக் கண்டுபிடித்துவிடுவாள். அது இல்லை. மூக்குதான் அடைத்துவிட்டதோ என்று எழுந்து போய்க் குப்பைக் கூடையைத் திறந்து பார்த்தாள். குப்பை நன்றாக நாறியது. திரும்பி வந்து மகளின் உள்ளங்கையை விரித்தாள். ரேகை எதுவும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பீங்கான் போல வழவழவென்று இருந்தது.

விடிந்ததும் இனிமேல் வளைவுக்குப் போகக் கூடாது என்றாள். மகள் அடம் பிடிப்பாள், தரையில் உருளுவாள், மாடி மாடியாகப் போய் முறையிடுவாள் என்று எதிர்பார்த்தாள். வாண்டு தலையை ஆட்டிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவ்வளவுதான். அந்தக் குழந்தை எதற்காவது மறுபேச்சுப் பேசாமல் இருந்ததை அவள் பார்த்ததே இல்லை. ஏதாவது சொல்லேன் என்று கெஞ்சினாள்.

"அங்க நல்லா இருக்கும்மா. ஒண்ணுமே இருக்காது."

குரல் காகிதம் உரசுகிற அளவுக்குத்தான் வந்தது. வீட்டுக்காரரிடம் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், இன்றைக்குச் சாம்பிள் எடுக்கப் போகிறேன், நான் பார்த்துச் சொல்கிறவரை குழந்தையைக் கூட்டிப் போகாதீர்கள் என்று. அவர் சரி என்றார். அவருக்கும் குரல் சன்னமாகியிருந்தது. அவர் கையின் சொரசொரப்பு எங்கே போயிற்று என்று படகேறும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

படகுக்காரர் வாயாடி. துறைமுகம் தாண்டும்வரை அவர் பேச்சை நிறுத்த யாராலும் முடியாது. அன்று வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு வாயையும் மூடிக்கொண்டார். கொஞ்சம் கிட்டப் போகச் சொன்னாள்.

"மாட்டேன் மேடம். போன தடவை இங்க வந்துட்டுப் போனதுல படகுக்கு அடியில ஒரு சிப்பி இல்ல, பாசி இல்ல. சரி, வேலை மிச்சம்னு இருந்தேன். அப்புறம் பார்த்தா பெயின்ட்டும் இல்ல. இப்ப மரம் இளைக்குது. நீங்க இங்கயிருந்தே எடுங்க."

தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பார்க்க, கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். எந்த ஆழத்தில் தகடு கண்ணிலிருந்து மறைகிறதோ அதுதான் அளவு. இறக்கினாள். கயிறு முழுக்கத் தீர்ந்தது. தகடு மறையவில்லை. அடியில் மணல், மணலில் பாறை, பாறையில் ஒரு பாசி இழை இல்லை, ஒரு மீன் குஞ்சு இல்லை, ஒரு நண்டு வளை இல்லை. தலைக்கு மேலே ஒரு பறவையும் இல்லை. அலை கரையில் வந்து விழுவது தெரிந்தது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. தகட்டை மேலே இழுத்தபோது கறுப்பு இருந்த இடமும் வெள்ளையாக இருந்தது.

வாளியைக் கயிற்றில் வீசி ஒரு குப்பி பிடித்தாள். கையுறை போட்டிருந்தும் விரல் நுனிகள் சில்லிட்டன. கரைப்பக்கம் பார்த்தாள். பள்ளி விடுமுறை, காலையிலேயே நல்ல கூட்டம். இத்தனை பேர் குளிக்கும் இடத்தில் ஒரு கூச்சல் இல்லை, ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடிக்கவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றிருந்தார்கள். நீலப்பூப் போட்ட நீச்சல் உடை எங்காவது தெரிகிறதா என்று தேடினாள். தெரியவில்லை. அப்பாடா என்று பெருமூச்சு விட்டாள்.

லேபில் விடுமுறையானதால் அவளைத் தவிர யாருமில்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தேடினால்தானே ஒன்றும் கிடைக்கவில்லை, தெரிந்த அழுக்கை நாமே போட்டு அது திரும்பக் கிடைக்கிறதா பார்ப்போம் என்று ஒரு சோதனை முறை அவர்களிடம் உண்டு. கால்வாய் வாயிலிருந்து எடுத்த தண்ணீரை, மூடியைத் திறந்தாலே குமட்டுகிற, எண்ணெய் மினுங்குகிற கறுப்புத் தண்ணீரை, வளைவுத் தண்ணீர் இருந்த கண்ணாடி முகவையில் பாதிக்குப் பாதி ஊற்றினாள். கறுப்பு உள்ளே இறங்கிப் புகைபோலச் சுருண்டு பரவியது. குழாயில் கை கழுவிவிட்டுத் திரும்பினாள். முகவையில் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. அடியில் வண்டல் கிடையாது, மேலே எண்ணெய் கிடையாது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். அறையில் இருந்த கால்வாய் நாற்றமும் அந்த முகவையை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது, கடைசியில் அதுவும் இல்லை.

மேசை விளிம்பில் ஊர்ந்த எறும்பு ஒன்று கண்ணாடியில் ஏறி உள்ளே விழுந்தது. நீந்தியது. கறுப்பு எறும்பு பழுப்பானது. பழுப்பு வெளுத்தது. ஆறு கால்களும் கண்ணாடி இழைகளாக அடித்துக்கொண்டன. பிறகு கால்களும் தெரியவில்லை. தண்ணீரின் மேல் அந்தச் சின்னச் சின்ன வளையங்கள் மட்டும் விரிந்துகொண்டே இருந்தன, நிற்கவில்லை.

செத்தால் வளையம் நின்றிருக்கும்.

மேலதிகாரியின் எண்ணை அழுத்தினாள். வளைவை உடனே மூட வேண்டும், பலகையைத் திரும்ப நட வேண்டும், இப்போதே, இன்றைக்கே. எந்த அளவு மீறியிருக்கிறது என்று அவர் கேட்டார்.

"எதுவும் மீறலை சார். எதுவுமே இல்ல. அதான் சார் பயமா இருக்கு."

அவர் சிரித்தார். "அழுக்கு இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. சுத்தம் இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு எங்கம்மா இருக்கு? ஒண்ணும் இல்லாததுக்கு எப்படித் தடை போடுறது? நானே இப்பக் குடும்பத்தோட இங்கதான் இருக்கேன். தண்ணி சும்மா கண்ணுல ஒத்திக்கலாம்போல..."

குரல் தேய்ந்தது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தாள், அறுபடவில்லை. காற்று ஒலித்தது. யாரோ மூச்சு விடுவது கேட்டது, வார்த்தை வந்து முட்டுகிற மாதிரி மூச்சு. சார், சார் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரருக்கு அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்கூட்டர் சாவியைத் தேடி, லேப் கோட்டுப் பையில் இருந்ததை மேசையெல்லாம் தேடி, எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் அவளுக்கு அந்த இரண்டு புள்ளிதான். தன் கையால் எழுதியது. வேறு யாரையும் நோவதற்கில்லை. மழை மேகம் கவிந்து வெளிச்சம் மங்கியிருந்தது, எதிரே வந்த வண்டிகளின் டீசல் புகையை அவள் ஆசை தீர மூச்சிழுத்துக்கொண்டாள். குடியிருப்பின் வாசலில் அந்தப் புகை நின்றுபோயிற்று. மண் வாசனை நின்றது. எதுவும் நாறவில்லை, எதுவும் மணக்கவில்லை.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கொடியில் துண்டு இல்லை. நீலப்பூ உடையும் இல்லை.

பின்படியில் இறங்கினாள். கரையில் வரிசையாகச் செருப்புகள். பெரிசு, சிறிசு. மடித்து வைத்த சட்டைகள். மகளின் ரப்பர் செருப்பு, இடதும் வலதும் மாறாமல், ஒழுங்காக. வாண்டு செருப்பை ஒழுங்காக விட்டதே கிடையாது.

தண்ணீரில் ஆளே இல்லை.

துணிகள் மட்டும் மிதந்தன. அப்படித்தான் முதலில் நினைத்தாள். அரைக்கால் சட்டைகள், பனியன்கள், புடவை ஒன்று. முங்கிச் செத்தார்களா, எல்லோருமா. பிறகு கவனித்தாள். துணிகள் மிதக்கவில்லை. நின்றன. உப்பிக்கொண்டு நின்றன. தோள் இருக்கும் இடத்தில் தோள். இடுப்பு இருக்கும் இடத்தில் இடுப்பு. ஒவ்வொன்றையும் சுற்றித் தண்ணீரில் வளையங்கள்.

நீலப்பூ உடை நீந்திக்கொண்டிருந்தது. அப்பா சொல்லிக்கொடுத்தபடியே, கையை முன்னால் நீட்டி, காலை உதைத்து. கை இல்லை. கால் இல்லை. தண்ணீர் மட்டும் அந்த இடங்களில் பிளந்து பிளந்து மூடியது.

"வாண்டு."

உடை திரும்பியது.

ஓடிவிடலாம். படி பின்னால்தான் இருந்தது. அவள் ஓடவில்லை. பெற்றவள் எங்கே ஓடுவாள்.

முழங்காலளவுத் தண்ணீருக்கு வந்ததும் உடை எழுந்து நின்றது. மேலிருந்து தண்ணீர் வழிந்தது. வழிகிற தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது. நெற்றி. மேல்நோக்கிய மூக்கு. மோவாய். பிறகு தண்ணீர் வடிந்துவிட்டது. முகம் போய்விட்டது. ஈர மணலில் சின்னப் பாதம் பதிந்தது. இன்னொன்று. நேராக அவளிடம்.

குனிந்து தூக்கினாள். கனம் இருந்தது. அவள் மகளின் கனமேதான், இடுப்புக்குப் பழகிய கனம். சில்லென்ற கைகள் கழுத்தைச் சுற்றிக்கொண்டன. தலை இருக்க வேண்டிய இடத்தில் மூக்கைப் புதைத்து இழுத்தாள், இன்னும் இழுத்தாள். ஒன்றுமில்லை. காதோரம் மூச்சு பட்டது. அம்மா என்று சொல்ல முயல்கிற மூச்சு.

குழந்தைக்குப் பின்னால் மற்றவர்களும் கரையேறினார்கள். பனியன்கள். அரைக்கால் சட்டைகள். புடவை. துண்டுகள் தரையிலிருந்து எழுந்தன, தலை இருக்கும் உயரத்தில் துவட்டின, தோளில் விழுந்தன. செருப்புகள் ஒவ்வொன்றாகப் படியேறின. வீட்டுக்காரரின் துண்டு அவளருகே வந்து நின்றது. வீட்டுக்குப் போகலாம் என்று காத்து நிற்பதுபோல நின்றது.

குழந்தையின் ஈரம் அவள் ரவிக்கையில் ஊறியது, கழுத்தில் ஊறியது, கைகளில் ஊறியது. இறக்கிவிட வேண்டும். இப்போதே இறக்கிவிட்டு ஓட வேண்டும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். மகளின் முதுகைத் தடவிக் கொடுத்தாள், குளிர்கிற பிள்ளையைத் தடவுவதுபோல, மேலும் கீழுமாக. தடவிய கையைக் குனிந்து பார்த்தாள்.

விரல்களுக்கு அடியில் இருந்த நீலப்பூக்கள், விரல்களின் ஊடாகவே, ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தன.